அரைப்பேர்

இரவு ஷிஃப்டில் மூட்டைகளுக்குப் பேர் அடிக்கிறவன் நான்.
தகரத்தில் வெட்டிய எழுத்துகள், முடி கொட்டிய ஒரு பிரஷ்,
கறுப்பு மை.
இன்றைக்கு இரண்டு துறைமுகங்கள்.
ஒன்றை மற்றது கொளுத்திக்கொண்டிருப்பதாக
ரேடியோ சொல்கிறது.
இரண்டுக்கும் ஒரே தூள், ஒரே கிரேட்.
ஒரே லொறியில் தோளோடு தோள் சாய்ந்து
அக்கரப்பத்தனையிலிருந்து இறங்கும்.

எங்கோ ஒரு பணக்கார நாட்டில்
விடிய விடியப் பேசுகிறார்களாம்,
நண்பனுக்குக் கொடுப்பதா
கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பதா என்று.

நடுவில் நிற்பதை எனக்குத் தெரியும்.
கொழுந்து மடுவத்துத் தராசுக்குக் கட்சி இல்லை,
யார் பக்கமும் சாயாது.
ஆனாலும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று
ஆளுக்கு மூன்று கிலோ
அந்த நடுவிலேயே காணாமல் போகும்.

நட்பையும் தெரியும்.
இரண்டு நட்பு நாடுகள் ஒரு மேசையில் உட்கார்ந்து
உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம்,
மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று
கைகுலுக்கிக்கொண்டன.
அந்த மிச்சத்தில் என் அம்மா இருந்தாள்.
அவள் அக்கா கோச்சியேறிப் போனாள்.
வேறொரு நாடு அனுப்பிய மா மூட்டையிலும்
குலுக்குகிற இரண்டு கைகள்.
அதை வெட்டித்தான் எனக்குக் கால்சட்டை தைத்தாள்.
கைகள் பின்பக்கம் வந்தன.

குருவிமலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம்
பத்தொன்பதாம் நாள், கோயிலடியில் எங்கள் கூட்டம்.
"நமக்கேன் வம்பு? ரெண்டு தோட்டத்துக்கும் ஒரே கம்பனி.
இன்னிக்கு அரிசி குடுத்தா
நாளைக்கு நம்ம தீவாளி முற்பணம் நிக்கும்"
என்றான் பொருளாளன் அந்தோனிராசு.
பொய்யில்லை. நின்றது.

நாம யாரு பக்கமும் இல்ல, என்றார்கள் பலர்.
நானும் தலையாட்டினேன்.

யோகராணி எழுந்தாள்,
இடுப்பில் கட்டிய படங்கு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"நாள் முழுக்க மலையில நின்னவளுக்கு
அரைப்பேர் போடுறான்.
நீ வந்தே, ஆனா வரல்லன்னு அதுக்கு அர்த்தம்.
நாமளும் அவுங்களுக்கு அதத்தான் போடுறோம்.
காலையில எதிர்மலையப் பாருங்க.
பதினாலு லயத்துல
மூணு கூரையிலதான் பொகை."

யாரும் பதில் சொல்லவில்லை.
அந்தோனிராசுதான் முதலில் போய்
வீட்டிலிருந்து ஒரு கொத்து அரிசி கொண்டுவந்தான்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
இருட்டுவதற்குள் ஒன்பது மூட்டை.

நான் என்ன செய்தேன் தெரியுமா?
ஸ்டோருக்கு ஓடித் தகர எழுத்துகளை எடுத்துவந்தேன்.
மூங்கில்காடு தோட்டம், மேல் பிரிவு.
ஒன்பதிலும் அடித்தேன்,
மை காய வாயால் ஊதிக்கூட விட்டேன்.
யோகராணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதக் கடைசியில் சாக்குகள் திரும்பி வந்தன.
துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி,
நான்காய் மடித்து.
ஒன்றுக்குள் ஏழெட்டுப் பேரிக்காய்கள்.
அதன்பிறகு சந்தையில் எங்களைக் கண்டால்
சிரிப்பார்கள்தான்,
முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக முடிந்துவிடும் சிரிப்பு.

ரேடியோவில் இன்னும் பேசுகிறார்கள்.
அவர்கள் கொடுக்கப்போவது அரிசி மட்டுமில்லை
என்று எனக்குத் தெரியும்.
அந்த மூட்டைகளை யாரும் துவைத்துத் திருப்பி அனுப்ப முடியாது.
இருந்தும், கூரையில் புகை இல்லாததைப் பார்த்துவிட்டவன்
பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வான்?
கொடுக்கட்டும்.
முற்பணம் நிற்கும் என்று தெரிந்தே கொடுக்கட்டும்.
பேர் அடிக்கிறவனை மட்டும்
வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.

இதைச் சொல்ல நான் யார்.
இரண்டாம் துறைமுகத்தின் மூன்றாம் எழுத்தில்
மை கசிந்து பரவுகிறது.
வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
துடைத்தால் இன்னும் பரவும்.