இல்லைன்னே சொல்லலாம்

விடியுமுன் நானூறு மரம்.
நெற்றியில் விளக்கு, கையில் பால்வெட்டுக் கத்தி.
பட்டையில் நூல் அகலம் சீவினால்
வெள்ளையாய் ஊறிச் சிரட்டைக்கு இறங்கும்.
அந்தப் பால்தான் எங்கோ ஓர் ஆலையில்
உறையாகிறதாம்.
வடசேரி லாட்ஜில் அன்று இரவு
அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

வாய் மட்டும்தான்.
இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்,
ஒரு வாய் சோறு என்பதுபோல,
ஒரு வாய் தண்ணீர் என்பதுபோல.
அவன் பெயர் சுஜின். இரணியலில் இறங்கவேண்டியவன்.
சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கும்.
அதற்குமேல் தெரியாது.

மறுநாள் பல் தேய்த்த நுரையில்
இளஞ்சிவப்பு.
இத்தனை வருஷமும் இருந்திருக்கும், யார் பார்த்தது?
அன்றுமுதல் பார்க்கிறேன்,
பைக் கண்ணாடியில், போன் வெளிச்சத்தில்,
கல்யாண மண்டபத்துக் கைகழுவும் இடத்தில்
நாக்கை நீட்டி.
கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று
அழுத்தி அழுத்தியே
நெறி கட்டிற்று.

பதினோராம் நாள் காய்ச்சல்.
கோதையாறு கலங்கி ஓடிய வாரம் அது,
குலசேகரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தது.
ஊருக்கெல்லாம் மழைக்காய்ச்சல்.
எனக்கு மட்டும் வேறே.

ஷைலாவிடம் முதுகுவலி என்றேன்.
பால்வெட்டுக்காரன் சொன்னால் நம்பத்தக்க வலி.
மகள் கடித்த மிட்டாயை நீட்டினாள்,
பல்கூச்சம் என்றேன்.
ஒரே உடம்பில் எத்தனை நோய்தான் சொல்வது.

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி.
பலகையில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருந்தது.
உள்ளே ஆலோசகர் அஜிதகுமாரி,
மூக்குக்கண்ணாடிக்குமேல் பார்த்தார்:
"வாய்வழியா வாறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு.
இல்லைன்னே சொல்லலாம்."

இல்லை என்றால் கதவு சாத்தியாயிற்று.
இல்லைன்னே சொல்லலாம் என்றால்
ஒரு பூனை நுழையும் இடைவெளி.
"நூத்துல எத்தனை மேடம்?"
"நூத்துல சொல்லக்கூடிய அளவு இல்ல."
"ஆயிரத்துல?"
பேனாவை மூடி வைத்தார்.
"இன்னைக்கு ஒண்ணு எடுப்போம். மூணு மாசம் கழிச்சு ஒண்ணு.
அதோட இத விட்டிரணும், கேட்டியளா?"

ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் இருந்தேன்.
பக்கத்தில் ஒருத்தி, என் வயசுதான்,
துணிப்பையில் மாத்திரை டப்பா கிலுகிலுத்தது.
கருங்கலிலிருந்து வருகிறாளாம்,
பதினொரு வருஷமாய் மாசாமாசம்.
"மவன் பிளஸ் டூ. நல்லா படிப்பான்.
அவனுக்கு இல்லை."
அந்த இல்லைக்கு வால் கிடையாது.

பையிலிருந்து ஒரு மட்டிப்பழம் எடுத்தாள்.
உரித்து, ஒடித்து,
பாதியை என்பக்கம் நீட்டினாள்.
நான் பழத்தைப் பார்க்கவில்லை.
அவள் பெருவிரல் நகக்கண்ணைப் பார்த்தேன்,
தோல் கிழிந்திருக்கிறதா என்று.
ஒரு நொடிதான்.
பதினொரு வருஷம் அந்த நொடியை
எத்தனைபேர் முகத்தில் பார்த்திருப்பாள்.
"பசிக்கலையாக்கும்"
என்று எனக்கான பொய்யையும்
அவளே சொல்லி,
இரண்டு பாதியையும் தின்றாள்.

அதன்பிறகு இரவில் மரத்துக்கு மரம் நடக்கையில்
பூனையோடு அவளும் வந்தாள்.
ஒருநாள் சுஜினும்.
எந்தக் கண்ணாடிமுன் நிற்கிறானோ
அந்த உடைந்த பல்லைத் தடவிக்கொண்டு,
என்னிடமிருந்து தனக்கு வந்திருக்குமோ என்று.
அதுவரை எனக்கு
அது தோன்றியதே இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் நாள்.
நான்-ரியாக்டிவ் என்றது காகிதம்.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
பெஞ்சில் வேறு யாரோ.
பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு மட்டி வாங்கினேன்.
ஒன்றை உரித்து ஒடித்து
பாதியைத் தின்று
மீதியை யாருக்கு நீட்டுவதென்று தெரியாமல்
தோலோடு கையில் வைத்திருந்தேன்,
தக்கலை வரை.

வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில்
நாக்கை நீட்டிப் பார்க்கவில்லை.
இல்லைன்னே சொல்லலாம்.