டிக்கெட் எடுக்காதவர்கள்

புகையை விட்டு ஒன்பது நாள்.
கைக்கு ஏதாவது கொடு,
இல்லையென்றால் அது தானாகப் பாக்கெட்டுக்குள் போகும்
என்றாள் மருந்துக்கடை இங்குன்.
கொடுத்தேன்:
மூங்கில் ஊசி இரண்டு,
தள்ளுபடிக் கூடையின் அடியில் கிடந்த
கடுகு நிறக் கம்பளிக் கண்டு ஒன்று.

ஹெஸ்ட்நெஸ் படகுத்துறை. கடைசி நிறுத்தம்.
படகு வர இருபத்திரண்டு நிமிடம்.
டிசம்பர். மதியம் இரண்டு மணிக்கே
நள்ளிரவின் நிறம்.
ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு
புத்தகத்தை ஸ்டியரிங்கில் சாய்க்கிறேன்.
படத்தில் இரண்டு கைகள்.
அவற்றுக்கு உடல் இல்லை, அவசரம் இல்லை,
நகக்கண்ணில் கிரீஸ் இல்லை.
அம்புக்குறி போகிற பக்கம் நூல் போகிறது.
என் நூல் என் சட்டைப் பொத்தானைச் சுற்றுகிறது.

கண்ணி என்றால் பிடித்துவைப்பது
என்றுதான் நினைத்திருந்தேன்.
இதுவோ
கண்ணை எடுத்தால் நழுவுகிறது,
எடுக்காவிட்டால் இறுகுகிறது.
இருபத்தாறு வருடமாக
பன்னிரண்டு மீட்டர் பேருந்தைப்
பனிக்கட்டி மேல் திருப்புகிறவள் நான்.
ஒரு குச்சியின் முனையை
ஒரு சின்ன வளையத்துக்குள் விட
நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது கண்ணியில் தொடங்கினேன்.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
என் முதல் வரிசை நேர்.
இரண்டாவதும் நேர்.
ஏழாவதில் எண்ணினால் இருபத்துமூன்று.
பதினொன்றாவதில் இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்,
சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றும்போது எண்ணுவதுபோல
விரல் நீட்டி, உதடு அசைத்து.
இருபத்தொன்பது.

என் தொழிலில் இப்படி நடக்காது.
பள்ளி வாசலில் முப்பத்தொரு பேர் ஏறினால்
மீன் ஆலையில் பத்துப் பேர் இறங்குவார்கள்,
தேவாலயத்தில் நான்கு,
சுரங்கப்பாதை தாண்டியதும் மளமளவென்று மற்றவர்கள்.
முடிவில் மிஞ்சுவது
ஈரத் தரையும் யாருடையதோ ஒற்றைக் கையுறையும்.
இங்கே யாரும் மணி அடிக்கவில்லை,
நான் கதவு திறக்கவில்லை,
கூட்டம் மட்டும் கூடுகிறது.

"ஓரத்துல நூலை மேல தூக்கிடுறீங்க."
பின்னாலிருந்து ஒரு குரல்.
தீவுக்குப் போகும் ஐலிஃப், நாலாம் வகுப்பு,
மூக்கை உறிஞ்சியபடி எட்டிப் பார்க்கிறான்.
"அப்போ ஒரு கண்ணி ரெண்டாத் தெரியும்.
ரெண்டையும் பின்னிடுறீங்க.
எங்க வகுப்புல பாதிப் பேருக்கு இப்படித்தான்."
"உனக்கு?"
"எனக்கு நாற்பத்தாறு வரைக்கும் போச்சு."
அது பெருமையா வெட்கமா என்று
அவனே முடிவு செய்யாமல்
ஆரஞ்சு உரிக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை
சுரங்கப்பாதை வாயில் கடமான்.
பிரேக்கை மிதித்தேன்.
கடமான் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தது.
பைக்குள்ளிருந்து ஊசி மட்டும் உருவிக்கொண்டு
பின் இருக்கைவரை உருண்டது.

துறைக்கு வந்து பார்த்தால்
பிடிமானம் இல்லாமல் மொத்த வரிசையும்,
வாயைத் திறந்தபடி.
"இழுக்காதீங்க" என்றான் ஐலிஃப்.
"இழுக்காத வரைக்கும் அதுங்க எங்கேயும் ஓடாது."

உண்மைதான்.
ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
சிலது முதுகைக் காட்டி ஏறின, விட்டுவிட்டேன்.
ஒன்று இரண்டு வரிசை கீழே இறங்கிவிட்டிருந்தது.
ஐலிஃப் தன் பென்சிலின் கூரால்
ஏணியில் ஏற்றுவதுபோல் தூக்கிக் கொடுத்தான்.
கடுகு நிறத்தில் கொஞ்சம் ஆரஞ்சு மணம்.

முப்பத்தைந்து.
விரிந்துகொண்டே போகிற இதற்கு
மப்ளர் என்று பெயர் வைக்க முடியாது.
பிரித்துவிடலாமா என்று கேட்டேன்.
அவன் தோளைக் குலுக்கினான்.
படகின் விளக்கு தெரிந்தது.

இறங்கிப் போனான்.
படகிலிருந்து வந்தவர்கள் ஏறினார்கள்,
பதினாறு பேர், ஒரு நாய்.
கடைசியாக ஏறியவரின் கோட்டில் புகை வாசம்.
என் கை
பாக்கெட்டை நோக்கிப் புறப்பட்டது.
பாதி வழியில் நின்றது.
சுண்டுவிரலில் நூல் மாட்டியிருந்தது.