பாசி நோட்டு

நோட்டில் இடப்பக்கம் பாசி,
வலப்பக்கம் காய்ச்சல்.
ஒரே பேனா.
கஞ்சிப்பாசி பதினெட்டு கிலோ,
மரிக்கொழுந்து நாலரை.
எதிரே:
நூற்றிரண்டு. நூற்றிமூன்று.
தண்ணீர் குடிக்கவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
சின்ன வயசு டாக்டரம்மா புரட்டிப் பார்த்தாள்.
"மரிக்கொழுந்தா? புள்ளைக்கு என்ன
நாட்டு மருந்து குடுக்குறீங்க?"
"கடல்பாசிம்மா, விக்கிறது" என்றேன்.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
நாலு நாளில் முதல் தடவையாக.

அதற்கு முன்னே ஒரு நர்ஸ்
சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்:
"நம்பு... யாருங்க நம்பு..."
எங்கள் தீவுப் பக்கத்துச் சாமி பேர்.
அவள் வெளியூர்.
நம்பச் சொல்லி அதட்டுவதுபோல் இருந்தது.
தோளில் கிடந்தவனோடு எழுந்தேன்.

மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள்.
டெங்கு இல்லை, மலேரியா இல்லை,
டைபாய்டு இல்லை, சளி இல்லை.
தாள் தாளாக இல்லை.
"ஒண்ணுமில்லம்மா,
வளர வளரப் போயிரும்."
பாம்பன் பஸ்ஸில் திரும்பும்போது
அந்த ஒன்றுமில்லாதது
என் மடியில் கொதித்துக்கொண்டு வந்தது.

கணக்குத் தெரியாதவள் இல்லை நான்.
அட்டமி நவமிக்கு நீரோட்டம் படுத்துவிடும்.
அமாவாசைக்கு எத்தனை நாள் முன்னே
பாறை தலைகாட்டும் என்று சொல்வேன்.
சோழகம் வீசினால் வடகடல் அமைதி,
வாடை வீசினால் தென்கடல்.
இவன் காய்ச்சலுக்கும் கோடு போட்டுப் பார்த்தேன்.
இருபத்திரண்டு, இருபத்திரண்டு,
பத்தொன்பது, இருபத்திநாலு, இருபத்திரண்டு.
நீர் மாதிரியும் இல்லை, காற்று மாதிரியும் இல்லை.
ஃபாரஸ்ட்காரர் போட் மாதிரி
குருசடைத் தீவுக்கு அந்தாண்டை
என்ஜினை நிறுத்திவிட்டு
சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கிறது.

கையால் தொட்டால் எனக்குச் சூடு தெரியாது.
துணி சுற்றிக்கொண்டும்
பாறை அறுத்த விரல்கள்,
உப்பில் செத்த தோல்.
கண்ணை மூடி
இமையை அவன் நெற்றியில் வைக்கிறேன்.
தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்பே
இமைக்குத் தெரிந்துவிடும்.

பஞ்சவர்ணம் ஏர்வாடியிலிருந்து கயிறு வாங்கி வந்தாள்.
ஜெயசீலி ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலத்தில் தந்தாள்.
திருநீறு எப்போதும் வீட்டில் உண்டு.
எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
பாராசிட்டமாலை மட்டும்
ஆறு மணிநேரத்துக்கு ஒரு தடவை
நானே அளந்து ஊற்றினேன்.

கோழிக்கோட்டுப் போட்டிலிருந்து அவர் பேசினார்.
டவர் கிடைத்த அரை நிமிஷம்.
"எவ்வளவு?" என்றார்.
எந்தப் பக்கத்தை வாசிப்பது என்று யோசிப்பதற்குள்
கட்டாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில்
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தான்.
பொரித்த நெத்திலி கேட்டான்.
தெர்மாமீட்டரை எடுத்துப்போய்
பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வைத்துப் பார்த்து,
"ஆயிரம்" என்று அறிவித்தான்.
ஆட்டைப் படுக்கச் சொல்லி அதட்டினான்.
என் குரல் அது.

இந்தத் தடவை இருபத்திரண்டாம் நாள்
நல்ல நீர்வற்று.
எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை.
அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடன்காரன் வரும் நேரத்தில்
வாசலைப் பார்ப்பதுபோல்.
வரவில்லை.
இருபத்திமூன்றும் வரவில்லை.
இடப்பக்கம் இரண்டு நாள் வெறுமை,
எண்ணூறு ரூபாய் போயிற்று.
வந்து தொலைத்திருந்தால்கூட
ஐந்தாம் நாளையாவது எண்ணியிருப்பேன் என்று
ஒரு நினைப்பு வந்தது.
வாயைக் கழுவிக்கொண்டேன்.

இருபத்திநாலாம் நாள் இறங்கினேன்.
ஜெயசீலி மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்:
சுட்டால் கம்பத்தில் சிவப்புச் சட்டையைக் கட்டு.
கண்ணாடிக்குள் பாறை பச்சையாய் ஆடுகிறது.
இரண்டு பிடி அறுத்தால் ஒரு மூச்சு.
மற்றவர்கள் சாக்கைப் பார்த்து எழுகிறார்கள்,
நான் கரையைப் பார்த்து.

கம்பம் தெரிகிறது.
அதில் ஒரு காக்கை.
மூச்சை இழுத்துக்கொண்டு
மறுபடி இறங்குகிறேன்.