மோதிர விரல்

அம்மாவைப் பொறுத்தவரை எனக்கு நைட் ஷிஃப்ட்.
காக்ஸ் டவுன் வீட்டில் மாலை ஏழுக்கு
எலுமிச்சைச் சோறு கட்டித் தருவாள்.
அமெரிக்காக்காரன் சம்பளம் ஏத்தினானா என்பாள்.
இந்த மாசம் இறக்கிட்டான் என்பேன்.
பொய்யில்லை.

சதாசிவநகரில் ஒரு மூன்றாவது மாடி.
காவலாளி சாவி போட்டால்தான் லிஃப்ட் அங்கே நிற்கும்.
பச்சை மேசை, ஒன்பது நாற்காலி,
புகைக்கு ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம்.
மேசையில் என் முகமும் அதே ஜாதி.

சினிமா பார்த்தவர்கள்
கோடியைத் தள்ளிவிட்டுக் கண்ணடிப்பேன் என்று நினைக்கிறார்கள்.
நூறு தடவை சீட்டு வந்தால் எண்பது தடவை
பார்த்துக் கீழே வைப்பதுதான் தொழில்.
இஸ்பேடு ஒன்பதும் டைமண்டு மூன்றும். வை.
ராஜாவும் நாலும். ஆசை வரும். வை.
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வை.
முன்பு தணிக்கை ஆபீசில் ஒன்பது வருஷம்
அடுத்தவர் கணக்கில் பிழை தேடினேன்.
இப்போதும் அதுதான்,
கணக்குக்குப் பதில் கழுத்து நரம்பு.

மங்களூர்ப் பையன் சுஹாஸ்
நல்ல சீட்டு வந்தால் மூச்சு விடமாட்டான்.
ஜெயநகர் டாக்டர் பொய்யாகக் கட்டும்போது
தண்ணீர் கேட்பார், குடிக்கமாட்டார்.
ரங்கநாத ஷெட்டிக்கு மோதிரம்.
ஹொசகோட்டேயில் செங்கல் சூளை, கொஞ்சம் நிலம்.
கையில் ஒன்றுமில்லாமல் லட்சத்தைத் தள்ளும்போது
கட்டைவிரல் போய் மோதிரத்தைத் திருப்பும்.
கால் சுற்று. அதற்கு மேல் இல்லை.
கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.
யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கால் சுற்றில்தான்
அம்மாவின் முழங்கால் ஆபரேஷன்,
தங்கை மகன் பி.இ. சேர்ந்தது,
மழைக்கு ஒழுகிய மாடியைப் பூசியது.
நல்ல மனிதர். தோற்றாலும் விடியற்காலையில்
எல்லாருக்கும் பெண்ணெ தோசை வரவழைப்பார்.
நானும் சாப்பிட்டிருக்கிறேன்.
இரண்டு.

பிறகு நாலு மாதம் ஆளைக் காணோம்.
சூளை கை மாறிடுச்சாம் என்றான் சுஹாஸ்,
சில்லுகளை அடுக்கியபடி.
நான் மரத்தைப் பார்த்தேன்.

நேற்று வந்தார்.
இஸ்திரி கலையாத சட்டை. சிரிப்பு பழையது.
மூன்று மணிக்கு மேல் ஒரு ஆட்டம்.
மேசையில் ஆட்டின் ராணி, இரண்டு ஏழு,
எதற்கும் உதவாத ஒரு இரண்டு,
கடைசியாக இஸ்பேடு மந்திரி.
எனக்கு ஒரு ராணி. அவ்வளவுதான்.
ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தள்ளினார்,
கொண்டுவந்தது மொத்தமும்.

கையைப் பார்த்தேன்.
மோதிரம் இல்லை.
இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம்,
வெயில் படாத தோல்.
இனி இவரைப் படிக்க முடியாது என்று
ஒரு நிம்மதிகூட வந்தது எனக்கு.
ராணியைக் கீழே வைக்கத்தான் போனேன்.

அப்போது கட்டைவிரல் போயிற்று.
வெறும் தோலைப் பிடித்து
கால் சுற்று
திருப்பப் பார்த்தது.

தொழில்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தேன்.
அவரிடம் இருந்தது ஐந்தும் மூன்றும்.

எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு
ஹேகெ கொத்தாயித்து மேடம் என்றார்.
எப்படித் தெரிந்ததாம்.
அதிர்ஷ்டம் சார், என்றேன்.
நேற்றிரவு முழுக்க நான் கட்டிய
ஒரே பொய்ப் பந்தயம்.
தலையாட்டினார், நம்பினாரா தெரியவில்லை.
இந்நேரத்தில் ஆட்டோ கிடைக்குமா என்று
கீழே காவலாளியிடம் அவர் கேட்டது
ஜன்னல் வழியே மேலே வந்தது.
யாரும் தோசை சொல்லவில்லை.

ஐந்தரைக்கு வீடு.
டப்பா ஏன் கனக்குது, சாப்பிடலையா?
வேலை ஜாஸ்தி.
சம்பளம் ஏத்தினானா?
ஏத்தினான்.
புளித்துப்போன எலுமிச்சைச் சோற்றை
சமையல் மேடையில் நின்றபடியே தின்றேன்.
கணக்கு நோட்டில் தேதி, நேரம், தொகை.
கூட்டல் குறி மட்டும்
விரல் மஞ்சள் பட்டு
கொஞ்சம் ஈரமாக இருக்கிறது.