614, 877

பங்குனியில் முடிய வேண்டிய கட்டடம்
சித்திரை நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.
இருபத்திரண்டு நாள்.
யாரும் தள்ளவில்லை என்றார்கள்.
தேவகோட்டை மருத்துவமனையின் புது பிளாக்,
ஆயிரத்து நூற்று நாற்பது வேலைகள்,
தகரக் கொட்டகை, ஒரு மடிக்கணினி,
என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கியபடி.

பெயர்வாரியாக அடுக்கினேன்.
"கதவு பொருத்துதல்" பதினோரு தடவை.
அழிக்கப் போன விரல் நின்றது:
எல்லாம் வேறு வேறு கதவு.
எந்தக் கதவு என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சீமைக்கு அது புதிதல்ல.
ஒரே தெருவில் நான்கு வள்ளியப்பன்;
தபால்காரர் பெயரைப் படிப்பதில்லை,
சித.மெ.வா, அ.ராம.வா என்றுதான் பார்ப்பார்.
போன மாதம் டைல்ஸ் லாரி
தேவகோட்டைக்கு என்று சொன்னதைக் கேட்டு
தேவகோட்டை ரஸ்தாவில் போய் நின்று
ஒரு பகல் முழுக்க ஹாரன் அடித்தது.

இன்னொரு பக்கம், பல பெயரில் ஒரே வேலை.
கான்கிரீட், காங்கிரீட், கான்க்ரீட்.
கொத்தனாருக்கு ஒரே கலவை,
எழுத்தெழுத்தாய் ஒப்பிடுகிற இதற்கு மூன்று பேர்.
கடைசியில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால்
நாலாவது ஆள்.

பெயரை மறைத்துவிட்டு
நாள், குழு, அளவு என்று மறுபடி அடுக்கினேன்.
சந்தேகத்துக்கு மஞ்சள். நிச்சயத்துக்குச் சிவப்பு.
மதியத்துக்குள் நாற்பத்தொரு மஞ்சள், ஆறு சிவப்பு.
ஆறையும் அழித்தேன்.
தேதி அசையவில்லை.
டீ வந்தது. அதில் ஈ.

சாயங்காலம் 614.
"மேல்தொட்டி நீர் நிரப்பிச் சோதனை, மூன்று நாள்."
வெகு கீழே 877.
"ஓவர்ஹெட் டேங்க் லீக் டெஸ்ட், 3 நாள்."
அதே தொட்டி. அதே ஆட்கள்.
ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இடத்தில் நிற்க மாட்டான் என்று
மென்பொருள் தானாகவே
ஒன்றை மற்றதன் பின்னால் நகர்த்தியிருக்கிறது.
அதன்மேல் தப்பில்லை.

614 செவுகமூர்த்தி போட்டது, இரவு பதினொன்று நாற்பதுக்கு.
877 அடைக்கலராஜ், விடியற்காலை ஐந்தே காலுக்கு.
இருவர் மேசைக்கும் நடுவில் என் மேசை.
கம்பி பில் தகராறுக்கு அப்புறம்
என் வழியாகத்தான் பேச்சு.
"அவர்கிட்ட சொல்லுங்க மேடம்."
"சொல்லியாச்சுன்னு சொல்லுங்க."

எது நிஜம் என்று கேட்டேன்.
"அவர் மறந்துடுவார்னு நான்தான் போட்டேன்."
இரண்டு பக்கமிருந்தும் இதே வாக்கியம்,
எழுத்து மாறாமல்.

877ஐ அழித்தேன்.
அதை நம்பி நின்ற பெயின்ட் வேலை
பிடி விட்டு முதல் நாளுக்கு ஓடியது.
பூமி பூஜை அன்றைக்கே
இல்லாத சுவருக்கு இரண்டாவது கோட்டிங்.
பார்த்துக்கொண்டே இருந்தேன் கொஞ்ச நேரம்,
அழகாகத்தான் இருந்தது.
பிறகு திரும்ப வரவழைத்து,
பெயின்டை 614ல் கட்டிவிட்டு,
மறுபடி அழித்தேன்.
மூன்று நாள் கிடைத்தது.
பத்தொன்பது இன்னும் எங்கேயோ
வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணி,
வாசலில் தண்ணீர் லாரி இரண்டு,
மூக்கோடு மூக்கு வைத்து.
கோடை, குடம் பத்து ரூபாய் விற்கிற ஊரில்
ஒரு தொட்டிக்கு இருபத்து நாலாயிரம் லிட்டர்.
இதை அழிக்க என்னிடம் பொத்தான் இல்லை.

செவுகமூர்த்தி ஒரு லாரியைப் பார்த்தார்.
அடைக்கலராஜ் மற்றதை.
"நீங்களுமா சொன்னீங்க?"

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக
என்னைத் தாண்டிப் போன ஒரு வரி.

"ரெண்டாவதை ரேம்ப் க்யூரிங்குக்கு விடுவோம்."
"கிழக்குப் பக்கமும் காயுது."
ஓஸை இருவருமாக இழுத்துப் போனார்கள்.

நான் நிமிரவில்லை.
கதவு பொருத்துதல், பதினோராவது.
கட்டடத்தில் பத்து கதவுதான் இருக்கிறது.