இருபது நிமிடம்

வெட்டி முடிக்க ஒன்பது மரம் பாக்கி இருந்ததாம்.
காய்ந்த இலையோடு இலையாகக் கிடந்திருக்கிறது.
கப்பாக் போடோ என்பார்கள் மலாய்க்காரர்கள்,
முட்டாள் கோடரி.
ஆள் வந்தாலும் நகராது, கடித்த பின்னும் நகராது.
ரஃபிக்கூல் கைப்பேசியை நீட்டினான்:
தலைவிளக்கு வெளிச்சத்தில் அதே சுருளில்,
யாரையும் தெரியாததுபோல.

பூங்காவனத்தின் கணுக்காலில் இரண்டு புள்ளி.
வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடிழுத்து
மணி எழுதினேன், ஏழு பத்து.
திரும்பிப் பார்ப்பதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தது.
வாய் கொப்பளிக்கச் சொன்னேன்.
பேசினில் விழுந்தது வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன்.
அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை.

பீடோங்கில் எங்கள் கிளினிக்கில்
உறைவு பார்க்கும் இயந்திரம் கிடையாது.
ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு சுவர்க்கடிகாரம்,
அவ்வளவுதான் பரிசோதனை.
பிளாஸ்டிக் உதவாது.
கழுவி வைத்ததும் உதவாது,
சவர்க்காரம் பட்ட கண்ணாடி பொய் சொல்லும்.
தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில்
பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தது.
ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அதற்கு முத்தம் கொடுத்திருப்பேன்.

இரண்டு மில்லி. நிறுத்தியாயிற்று.
இனி தொடக்கூடாது, ஆட்டக்கூடாது.

ஒப்பிட இன்னொரு ரத்தம் வேண்டும்,
கடிபடாத ரத்தம்.
என்னுடையதை எடுக்கலாமென்று கையை மடித்தேன்.
நர்ஸ் நோர்லியா வராத நாள்,
ஊசி பிடிக்க மூன்றாவது கை இல்லை.
கதவோரம் நின்றான் ரஃபிக்கூல்.
பெர்மிட் மார்ச்சிலேயே முடிந்தவன்,
எந்தப் பலகையையும் போலீஸ் என்று படிக்கிறவன்.
"பேர் எழுதணுமா?" என்றான் மலாயில்.
வேண்டாம் என்றேன்.
குழாயில் 'ஒப்பு' என்று மட்டும் எழுதினேன்.
சட்டைக் கையை அவனே சுருட்டிக்கொண்டான்.

கட்டிலில் படுத்தபடி பூங்காவனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
உறைவதைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை,
முப்பத்தொரு வருசம் மங்கில் பார்த்தவள்.
"உறையக்கூடாதுன்னா அமோனியா விடுவோம்,
உறையணும்னா ஆசிட்டு.
இது என்னத்த விட்டுச்சு டிரெஸ்ஸரே?"
அமோனியா மாதிரி ஒண்ணு, என்றேன்.
சரியில்லை அந்தப் பதில்.
ரத்தத்தில் இருக்கும் நூலையெல்லாம்
உருவித் தின்றுவிடும் அது; முடிச்சுப் போட ஒரு இழை மிஞ்சாது.
ஈறு கசிகிறவளிடம்
அதை எப்படிச் சொல்ல?

சுங்கை பட்டாணிக்கு இரண்டு தடவை போன்.
ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, கிளம்பிக்கொண்டிருக்கிறது.
பதினாலாம் நிமிடம் சாய்த்துப் பார்க்கக் கை போயிற்று,
பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஏழு ஐம்பத்தாறு.
முதலில் அவனுடையதைக் கவிழ்த்தேன்.
தலைகீழாய் நின்றது, ஒரு சொட்டும் விழாமல்.
பிறகு அவளுடையது.

ஓடியது.
கையுறையை நனைத்து மேசை விளிம்புவரை ஓடியது,
பனிக்காலையில் புது வெட்டில் பால் ஓடுகிற ஓட்டம்.
அவள்தான் சொன்னாள்:
"இன்னிக்கு நல்ல ஓட்டம்."

உறையவில்லை.
போனில் டாக்டருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.
மாற்றுமருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லும் குரல்
எனக்கே கேட்டது.

ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது
"பால எடுத்துருடா" என்றாள் அவனிடம், தமிழில்.
புரிந்துகொண்டு மோட்டாரை உதைத்தான்.
ஆனால் அவன் போய்ச் சேர்வதற்குள்
நானூறு மங்கிலும் உறைந்துவிட்டிருந்தது.
கட்டிப்பால் விலைக்குத்தான் போகும்.

இரவு வார்டிலிருந்து அழைத்தார்கள்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கவிழ்க்கிறார்கள்.
இரண்டாவதும் ஓடியதாம்.
மூன்றாவது விளிம்பில் வந்து
கொஞ்சம் தயங்கியதாம்.

அவன் குழாயை நான் இன்னும் கொட்டவில்லை.
தாங்கியில் நிற்கிறது,
பேரில்லாமல், கெட்டியாக.