அட்டை எண் 1147

மேலூர் ரோட்டு ஆஸ்பத்திரிப் படிவத்தில்
'முந்தைய உடல்நலக் குறைவுகள்' என்று கேட்டு
இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு விட்டிருந்தார்கள்.
'ஏதுமில்லை' என்று எழுதினேன்.
முழங்காலைப் படம் எடுத்தார்கள்.
ஜவ்வு தேஞ்சிருக்கு என்றார் என் மகன் வயதுள்ள டாக்டர்,
திரையைப் பார்த்தபடி.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
எனக்குப் பின்னால் டோக்கன் நாற்பத்தாறு நின்றுகொண்டிருந்தது.

படத்தை உறையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு
அரசரடியில் இறங்கினேன்.
சைக்கிள் கடைக்கு மேலே, பதினாறு படி.
சுகிர்தம், எம்.பி.பி.எஸ்.
அதற்குப் பக்கத்தில் வேறு எழுத்து எதுவும் வந்து சேரவில்லை
முப்பத்தோரு வருஷமாக.

"ஒம்பதாவது படில நின்னுட்டு வந்தியே பேச்சி, ஏன்?"
தலை நிமிராமலே கேட்டார்.
செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரியும் அவருக்கு.

காசிமாயன் அட்டையை எடுத்து வந்தான்.
கல்யாணமாகி வந்த புதிதில்
மஞ்சள் காமாலைக்குப் போட்ட அட்டை.
இப்போது பதினோரு அட்டை, ஒரே ரப்பர் பேண்டில்.

பென்சிலின் ஊசிக்கு உதடு வீங்கிய ராத்திரி அதில் இருக்கிறது.
மூன்றாம் மாசத்தில் தங்காமல் போனது இருக்கிறது.
'பத்து நாள் படுக்கை ஓய்வு. தாய்வீட்டில். கட்டாயம்.'
இதுவும் இருக்கிறது.
அன்று எனக்குக் காய்ச்சலே இல்லை.
கூட வந்த மாமியாருக்குக் காட்டாமல்
தெர்மாமீட்டரை உதறிவிட்டு எழுதினார்.
செக்கானூரணி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான்
சட்டென்று உறைத்தது,
அவர் என் முதுகைப் பார்த்துவிட்டார் என்று.

பிற்பாடு அதே வீரணனுக்கு நெஞ்சு அடைத்தபோது
ஆட்டோவில் கூடவே ஏறி
பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும்
அவன் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.
இது அட்டையில் இல்லை.

தப்பும் செய்திருக்கிறார்.
சின்னவனுக்கு டைபாய்டு வந்தபோது
சாதாரண ஜுரம்தான் என்று நாலு நாள் மாத்திரை கொடுத்தார்.
ஐந்தாம் நாள் மழையில்
பொன்மேனிக்கு வீடு தேடி வந்து
கதவைத் திறந்த என்னிடம்
"நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.
குடையை மடக்கக்கூட இல்லை.
அன்றிலிருந்து நான் வேறு டாக்டர் தேடவில்லை.

டெப்போவில் டிக்கெட் கட்டு எண்ணுகிற வேலை எனக்கு,
எதையும் எண்ணாமல் விட முடியாது.
அட்டையில் சில தேதிகளுக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலில் சின்ன வட்டம்.
மொத்தம் ஏழு.
காசு வாங்க வேணாம்னு அர்த்தம் என்பான் காசிமாயன்.
கிடையாது. ஏழு தடவையும் கொடுத்திருக்கிறேன்.
ஒருதரம் மீதிச் சில்லறைக்கு
இருமல் மிட்டாய் தந்தது அவன்தான்.

இன்றைக்குக் கேட்டுவிட்டேன்.
"அதுவா," என்றார்,
"ஒன்னு சொல்ல வந்துட்டு
வேற எதையோ சொல்லிட்டு
நீ எந்திரிச்சுப் போன நாளு."

பிறகு முழங்காலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார்.
ஆபரேஷன் இப்போ வேணாம்,
படி ஏறுறதை விட்டுடாதே, மெதுவா ஏறு என்றார்.
மேலூர் ரோட்டுப் படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு
உறையில் போட்டுத் தந்தார்.

எழுந்தேன். பையை எடுத்தேன்.
அவர் பேனாவை மூடிவிட்டு
பென்சிலைத் தேடினார்.
எட்டாவது வட்டம்.
பாதி வரைந்து நிறுத்தி
என்னைப் பார்த்தார்.

வெளியே ஒரு பிள்ளை இருமியது.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப உட்கார்ந்தேன்.
"இடது மார்புல, அம்மா.
நெல்லிக்காய் அளவு.
ரெண்டு மாசமா."

"காசிமாயா, கதவைச் சாத்து."
பென்சிலைக் கீழே வைத்தார்.
என்னைத் தொடுவதற்கு முன்னால்
இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கினார்.